மூணாம் நம்பர் டாங்கிக் கடிதம்

எங்கள் ஆபீஸில் லீவு விண்ணப்பப் படிவம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. மும்பை செம்பூரில் நாற்பது வருடமாக நடக்கும் கெமிக்கல் கம்பெனி. ஒன்பது லட்சம் ஃபைல்கள். எது வேண்டுமென்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். இன்ஸ்பெக்டர் சாகேப், அங்கிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தருகிறேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டீர்கள். மொழிபெயர்க்க நல்ல ஆளாகப் பாருங்கள். அந்த வேலையில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம்.

என் பெயர் வேங்கடசுப்ரமணியன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். ஐம்பத்திரண்டு வயது. கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். முன்பு ஃபைல் தேட ஒரு வெளிநாட்டு சாஃப்ட்வேர் வைத்திருந்தார்கள். கேட்டதைக் கொடுக்காத தண்டச்சோறு. அதைத் தூக்கிவிட்டு ஓப்பன் சோர்ஸில் ஒரு தேடுபொறி கட்டினேன். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். ஊர் பேர் தெரியாதவர்கள் சும்மா எழுதிக் கொடுத்த சரக்கு. பிற்பாடு அதை நடத்திய கம்பெனி லைசென்ஸை மாற்றிக் கதவைச் சாத்தியபோது, மற்றவர்கள் பழைய புரோகிராமை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கல்நெஞ்சன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தத் தேடுபொறியைத் தொடங்கியது 2016 ஏப்ரலில், ஒரு வியாழக்கிழமை. முதலாளி வந்து பட்டனை அமுக்குவதாக ஏற்பாடு. அன்று காலை பூலோகம் என்கிற தொழிலாளி, தாராவிக்காரர், என்னிடம் ஒரு கடிதம் கொடுத்தார். ஆபீஸில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர்கள் எழுதுவதை மேனேஜர் கேஷவுக்கு நான்தான் எடுத்துச் சொல்வேன்.

"மூணாம் நம்பர் டாங்கிக்குள்ள எறங்குனா தல சுத்துது சார். நேத்து வேல்ராஜ் மயங்கி விழுந்துட்டான். காத்து அடிக்கிற மிஷின் வைக்காம யாரையும் எறக்காதீங்க" என்று எழுதியிருந்தார். கோழிக் கிறுக்கல்தான், ஆனாலும் முழுவதும் படித்தேன். கேஷவ் காதில் போட்டால் உடனே மீட்டிங், சோதனை என்று கிளம்பிவிடுவார். என் விழா தள்ளிப்போகும். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டபோது, வெயில் காலம், ஏதோ வசதி கேட்கிறார்கள் என்றேன். கடிதத்தில் வாங்கிக்கொண்டதற்கு இனிஷியல் போட்டு, ஸ்கேன் செய்து, 'இதர' என்ற ஃபோல்டரில் வைத்தேன். ஆவணத்தைக் கிழிப்பது என் தொழிலுக்கு விரோதம்.

பதினோராவது நாள் வேல்ராஜ் டாங்கிக்குள் சுருண்டு விழுந்தான். தூக்கப் போன பூலோகமும் அவன் மேலேயே விழுந்தார். டாங்கியின் பக்கவாட்டை வெட்டித்தான் இருவரையும் எடுத்தார்கள். முகம் நீலம் பாரித்திருந்தது. மூச்சுக்குத் தவித்துத் தங்கள் கழுத்தைத் தாங்களே பிறாண்டியிருந்தார்கள். முன்கூட்டிப் புகார் ஏதும் வந்ததா என்று விசாரணைக்காரர்கள் என் தேடுபொறியில் தேடினார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. ஸ்கேன் என்பது வெறும் படம். அதிலிருக்கும் கையெழுத்தைப் படிக்க அன்று அதற்குத் தெரியாது. நான் பொய் சொல்லவில்லை.

பூலோகத்தின் மகள் சந்திரலேகா கம்ப்யூட்டர் படித்தாள். இரண்டு வருடத்துக்கு முன் நானே சிபாரிசு செய்து என் பிரிவில் சேர்த்துக்கொண்டேன். கெட்டிக்காரி. சொல்லைத் தேடிய காலம் போய் அர்த்தத்தைத் தேடும் காலம் வந்திருக்கிறது. எனக்கு முன்னால் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். தமிழ்க் கையெழுத்தைப் படிக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் பழைய ஸ்கேன்கள் அத்தனையிலும் ஓடவிட்டவளும் அவள்தான். வேடிக்கை என்னவென்றால், அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். மூன்று வருடம் ஞாயிறுதோறும் உட்கார்ந்து, அது தப்பாகப் படித்ததையெல்லாம் சம்பளமில்லாமல் திருத்தினேன். நன்றிப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, பாருங்கள்.

போன சனிக்கிழமை மதியம் இரண்டரை மணி. மாடியில் நாங்கள் இருவர் மட்டும். டாங்கிக்குள் ஆட்கள் மயங்குவது பற்றி என்ன இருக்கிறது என்று தேடுபொறியிடம் இங்கிலீஷில் கேட்டிருக்கிறாள். அந்தக் கடிதம் முதலில் வந்து நின்றது. லேப்டாப்பை ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அங்கிள், இது எங்க அப்பா சைன். எனக்குத் தமிழ் வாசிக்க வராதுல்லா, நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

"பட்டனை அமுக்கினா இங்கிலீஷ்லயே வருமேம்மா."

"வேண்டாம் அங்கிள். அப்பா எழுதுன மாதிரியே கேக்கணும்."

கீழே இருந்த என் இனிஷியலை அவள் இன்னும் கவனிக்கவில்லை. அப்பா எச்சரித்த பிறகும் அவரை உள்ளே இறக்கினார்கள் என்று தெரிந்துகொண்டு ஒரு பெண் எப்படி நிம்மதியாக வாழ்வாள்? நான் யோசித்தது அதைத்தான். அசல் தாள் சர்வர் ரூம் அலமாரியில் இருக்கிறது, அதை வைத்தே படிக்கிறேன் என்றேன். சந்தோஷமாக முன்னால் போனாள். நான் வெளியே நின்று கதவைப் பூட்டி, தீயணைக்கும் வாயுவைத் திறந்துவிட்டேன். அது நிரம்பினால் அறையில் நெருப்பும் நிற்காது, உயிரும் நிற்காது.

பூட்டு பழசு. அவள் உள்ளிருந்து முட்டியதில் கதவு கொஞ்சம் திறந்து நான்கு விரல்கள் வெளியே வந்தன. தோள் கொடுத்துத் தள்ளினேன். முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம். விரல்கள் உள்ளே போகவில்லை என்பதால் இன்னும் இரண்டு தடவை தள்ள வேண்டியிருந்தது. அதன்பின் நாற்காலியால் கதவிலிருந்த கண்ணாடியை அடித்தாள். நாற்காலி உடைந்ததும் நெற்றியால் அடித்தாள். கண்ணாடியெல்லாம் ரத்தமாகி அவள் முகம் மறைந்துவிட்டது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

சத்தம் கேட்டு செக்யூரிட்டி படியேறி வந்து, வராந்தா முனையில் நின்று என்ன கத்துகிறாள் என்று கேட்டான். பீகார்க்காரன், தமிழ் தெரியாது. அலாரம் டெஸ்டிங், எனக்கு ரீடிங் சொல்கிறாள் என்றேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான்.

ஆபீஸில் மற்ற எல்லோரிடமும் அவள் இந்திதான் பேசுவாள். அன்றும் இந்தியில் கத்தியிருந்தால் அவன் ஓடிவந்து கதவைத் திறந்திருப்பான். வெளியே நிற்பது நான் என்பதால் தமிழில் கத்தினாள்.

"மூச்சு முட்டுது அங்கிள். கதவத் தொறங்க. அந்தக் கடுதாசியே எனக்கு வேண்டாம்."

நான்கு நிமிடம் கத்தினாள். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது.