பதினான்காம் புள்ளி

மழைக்கு முன்பே மண் எடுத்து முடித்துவிட வேண்டும். மட்டக்களப்பில் ஐப்பசி பிறந்துவிட்டால் துளையிட்ட இடமெல்லாம் தண்ணீர் ஊறி நிற்கும். எந்த ஆழத்து மண்ணை எடுத்தோம் என்று எடுத்தவனுக்கே தெரியாது. ஆகவே 2019ஆம் ஆண்டு புரட்டாசியில் நான் கொஞ்சம் அவசரப்பட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

என் பெயர் எறோல். நாவற்குடாவில் இருக்கிறேன். கைவிடப்பட்ட தொழிற்சாலைகளைத் துப்புரவு செய்யும் முன், அங்கே மண்ணிலும் தண்ணீரிலும் என்ன நஞ்சு கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. முப்பத்தொரு வருஷம் அதையே செய்தேன். குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது. அது ஒரு காரணமென்று சொல்லவில்லை.

ஏறாவூர்ப் பக்கம் வாவிக்கரையில் இருந்த அந்த இடத்தில் முன்பு பழைய வாகனப் பற்றரிகளை உடைத்து ஈயம் உருக்கினார்கள். சண்டைக் காலத்தில் மூடிவிட்டார்கள். நான் போனபோது கூரையில்லாத சுவர்கள்தான் நின்றன. மதிலுக்கு வெளியே, தொழிலாளருக்கென்று கட்டிய வீடுகளில் பதினொரு குடும்பங்கள் குடியேறியிருந்தன. நாற்பது இடங்களில் மண் எடுக்க வேண்டும் என்று வரைபடத்தில் புள்ளி வைத்திருந்தோம். பதினான்காம் புள்ளி கைறுன்னிஸாவின் கிணற்றடியில் விழுந்தது.

கைறுன்னிஸாவுக்கு அப்போது இருபத்தாறு வயது இருக்கும். கணவர் றிஸ்லான் கட்டாரில். இரண்டு வயதில் பஸ்னா என்று ஒரு மகள். நாங்கள் அங்கே வேலை செய்த முதல் மூன்று நாளும் கைறுன்னிஸா எனக்கு இஞ்சி போட்ட பிளேன்ரீ தந்தாள். நல்ல தேநீர்.

நான்காம் நாள் கிணற்றடிக்கு வந்தேன். எங்களிடம் ஒரு கருவி உண்டு. மண்ணில் வைத்து ஒரு நிமிஷம் பிடித்தால் ஈயம் எவ்வளவு என்று காட்டும். பிள்ளைகள் விளையாடும் மண்ணில் பத்து லட்சத்தில் நானூறு பங்கு இருந்தாலே யோசிக்க வேண்டும். அது ஆறாயிரத்து இருநூறு காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். ஆறாயிரத்து நூற்றெண்பது. பற்றரி அமிலத்தை வருஷக்கணக்காக அந்த இடத்தில் ஒரு குழிக்குள்தான் ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் குழிக்குப் பத்தடி தள்ளித்தான் பிறகு யாரோ கிணறு வெட்டியிருக்கிறார்கள்.

கைறுன்னிஸா தேநீரோடு வந்தாள். எனக்குச் சீனி வருத்தம், இனி வேண்டாம் என்றேன். உண்மையில் எனக்கு நீரிழிவு இல்லை.

அவள் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூடாத தண்ணியெண்டு எழுதினா எங்கள எழுப்பிருவாங்களா சேர்?"

"எழுப்பலாம்."

"நாங்க ரெண்டு தரம் எழும்பி வந்த சனம். இனி எங்க போற? கொஞ்சம் பாத்து எழுதுங்க சேர்."

அந்தப் பேச்சு என் மனதைத் தொட்டது. அதனால்தான் செய்தேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். நீங்கள் என் பாஸ்போட்டைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி ஐந்தாம் நாள் நான் மெல்பேர்னுக்குப் பறந்தது உண்மை. மனைவி மேபல் அங்கே மகளிடம் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பதினான்காம் புள்ளி நஞ்சென்று எழுதினால், மதிலுக்கு வெளியே இன்னும் அறுபது துளையாவது போட வேண்டும், மழை முடியக் காத்திருக்க வேண்டும், மாசியாகிவிடும். அதுவும் உண்மை. ஆனால் நான் யோசித்தது அந்தக் குடும்பங்களைத்தான்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய், பதினான்கு என்று எழுதிய போத்தலில் என் வளவின் மாமரத்தடி மண்ணை நிரப்பினேன். தண்ணீர்ப் போத்தலில் என் கிணற்றுத் தண்ணீர். ஐந்து நிமிஷ வேலை. மண்ணும் தண்ணீரும் மிக நல்லவை என்று ஆய்வுகூடம் அறிக்கை அனுப்பியது. என் வளவு மண் அவ்வளவு சுத்தமென்று தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

அந்த அறிக்கையை வைத்து மதிலுக்கு உள்ளே மட்டும் மண்ணை வாரி லொறிகளில் கொண்டுபோனார்கள். வெளியே யாரும் மண்வெட்டி வைக்கவில்லை.

மெல்பேர்ன் எனக்கு ஒத்துவரவில்லை. குளிர். மேபலுக்கும் எனக்கும் பேச அதிகம் இருக்கவில்லை. மூன்று மாதத்தில் திரும்பி வந்தேன். வந்த கிழமையே கைறுன்னிஸாவின் வீட்டுக்குப் போனேன். அதன்பின் மாதம் ஒருமுறை போவேன். பிஸ்கட், பஸ்னாவுக்கு வண்ணப் பென்சில் கொண்டுபோவேன். குடிக்க என் தண்ணீர்ப் போத்தலும் பையில் இருக்கும்.

பஸ்னா கெட்டிக்காரி. அவளுக்கு எத்தனை சொல் தெரியும் என்று ஒரு கொப்பியில் குறித்துவந்தேன், தொழில் பழக்கம். முதல் வருஷம் ஏறியது. பிறகு நின்றது. பிறகு ஒரு மாதம், போன தடவை எனக்குச் சொல்லிக்காட்டிய நிறங்களின் பெயர் அவளுக்கு வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்ன சொல்ல மறக்குறா சேர்," என்றாள் கைறுன்னிஸா. "வயிறு வலிக்கெண்டு சுருண்டு படுக்குறா. தண்ணியாலயா இரிக்கும்?"

"தண்ணியில ஒண்டுமில்ல. எதுக்கும் நல்லாக் கொதிக்க வெச்சிக் குடுங்க."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயம் அப்படியே இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடும். இது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்கு நோவென்றால் தாய்க்குச் செய்வதற்கு ஏதாவது ஒன்று வேண்டுமல்லவா. கைறுன்னிஸா சொன்னதைச் சரியாகச் செய்கிறவள். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் கொதிக்கவைத்தாள். றிஸ்லான் விடுமுறையில் வந்துபோனபின், 2021இல் மகன் இன்ஷாப் பிறந்தான். அவனுடைய பால்மாவையும் அந்தத் தண்ணீரில்தான் கரைத்தாள்.

பஸ்னாவுக்கு ஆறு வயதில் முதற் பல் விழுந்தது. கூரையில் எறிய ஓடியவளிடம் அதை நான் கேட்டு வாங்கினேன். பல்லில் ஈயம் தங்கும். தெரிந்த ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்த்தேன். முடிவு வந்தது. எந்த நாட்டிலும் ஒரு பிள்ளையை அந்த வீட்டில் மறுநாள் விட்டுவைக்க மாட்டார்கள், அப்படியான முடிவு. கடதாசியை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். அப்போது இன்ஷாபுக்கு இரண்டு வயது. ஓடித் திரிந்தான். மண்ணை அள்ளி வாயில் போடுவான், நான்தான் எடுத்துவிடுவேன்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அதன்பின் அந்த வீட்டுக்கு நான் எப்படிப் போவது?

போன றமழானில் இன்ஷாபுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் மௌத்தானான். நான்கு வயது நிரம்பவில்லை. ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். மதிலோரம் ஆண்களுக்குப் பின்னால் நின்றேன். கட்டாரிலிருந்து வந்திருந்த றிஸ்லான், என்னைக் கண்டு வந்து கையைப் பிடித்து, "நீங்க ஒரு ஆள்தான் சேர் இவங்கள வந்து பாத்த," என்றார்.

இரத்தத்தைச் சோதித்த டொக்டர் ஈயமென்று எழுதியதால் அந்த இடத்தை மறுபடி அளக்க ஆள் அனுப்பினார்கள். வந்தவர் இன்ஷிரா என்று ஒரு இளம் இரசாயனவியலாளர். கிணற்றடியில் அவருக்கும் ஆறாயிரத்துக்கு மேல் காட்டியிருக்கிறது. என் அறிக்கையில் பதினெட்டு. ஆய்வுகூடக் களஞ்சியத்தில் மீதி மண் இருப்பதைத் தேடி எடுத்து, போத்தலோடு என் வீட்டுக்கு வந்தார்.

"அங்க மண் கறுப்பு சேர். இதுல சிப்பித் துண்டு கிடக்கு. இது கடற்கரைப் பக்கத்து மண். இத எங்க எடுத்தீங்க?"

"அந்தா, அந்த மாமரத்தடியில."

அவர் போத்தலை மேசையில் வைத்துவிட்டு மரத்தடிக்குப் போய் மண்ணை அள்ளிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "தண்ணியும்?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் அழத் தொடங்கியதும் எழுந்து ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை.

அவ்வளவுதான். போத்தலை மாற்றியவன் நான். தண்ணீர் நல்லதென்று சொன்னவன் நான். பல்லின் முடிவைப் பார்த்தபின்னும் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவனும் நான். இன்ஷாப் என்னால்தான் இறந்தான்; எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். நீங்கள் வாசித்துக்காட்டியதில், அந்தக் குடும்பத்தை நான் கைவிட்டதாக ஒரு வரி இருக்கிறது. அது சரியில்லை. ஐந்து வருஷமாக ஒரு மாதம் தவறாமல் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் போனவன் நான்.