நீல வலையும் நர்ஸம்மாவும்

தப்பு சார். ரொம்பத் தப்பு. மனுஷ குலமே இந்த ஒரு விஷயத்துல ஏமாந்து கெடக்கு, நீங்க ஒருத்தர் என்ன பண்ணுவீங்க? மீன் மேல இருந்த வெள்ளப் புள்ளி உதுந்துடுச்சுன்னா சீக்கு போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. சீக்கு இப்பதான் எடம் பாத்துக் குடியேறப் போகுதுன்னு அர்த்தம். இதப் பெரிய எழுத்துல எழுதி எல்லா ஆஸ்பத்திரியிலயும் மாட்டணும். மாட்ட மாட்டாங்க. 'அமைதி காக்கவும்'னுதான் மாட்டுவாங்க.

நீங்க வாயத் தெறக்காதீங்க. கன்னம் அந்த வீங்கு வீங்கியிருக்கு. தலைய மட்டும் ஆட்டுங்க, போதும். உங்கள மாதிரி ஆளுங்கதான் சார் வேணும். போன வாரம் ஒருத்தர் இதே நாற்காலியில உக்காந்திருந்தாரு. நான் பூச்சியோட மூணாவது பருவத்துக்கு வர்றதுக்குள்ள, பல்லு வலியே இல்லன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு.

என்ன பாக்கறீங்க, தொட்டியா? ஆமா, மீன் இல்ல. கல்லு இருக்கு, பவளம் இருக்கு, அந்தா மூலையில ஒரு இறா இருக்கு. மீன் எழுவத்தாறு நாளைக்கு இருக்காது. எழுவத்தஞ்சுன்னா ஆகாதான்னு எங்க அக்கா கேட்டா. ஆகாது! அந்தப் பூச்சி இருக்கே, ஒத்த செல்லு, கண்ணுக்குத் தெரியாது. நாம பாக்கற புள்ளி, மீன் தோலுக்குள்ள அது உக்காந்து வயிறு வளத்த மேடு. அஞ்சாறு நாள் நல்லா சாப்பிடும். ஏப்பம் விட்டுட்டுக் கீழ விழும். ஒடனே மீன் பளபளன்னு ஆயிடும். ஊர்ல இருக்கறவன்லாம் 'ஆஹா, நான் பூண்டுச் சாறு ஊத்துனேன், கொணமாயிடுச்சு'ன்னு காலரத் தூக்கி விட்டுக்குவான். கீழ விழுந்தது என்ன, காசிக்கா போச்சு? கல்லுல ஒட்டிக்கிட்டு, மேல ஓடு கட்டிக்கிட்டு, உள்ளேயே ஒண்ணு நூறா, எரநூறாப் பிரிஞ்சு, ஒரு நாள் வெடிச்சு வெளிய வரும். வந்ததும் மீனத் தேடும். மீனே இல்லன்னா ரெண்டு நாள்ல செத்துடும். கடைசி ஓடு எப்ப வெடிக்கும்னு எவனுக்கும் தெரியாது. அதான் எழுவத்தாறு. மருந்த இந்தத் தொட்டியிலயே ஊத்தலாமேன்னு கண்ணு கேக்குது பாருங்க உங்களுக்கு... ஊத்தலாம். காப்பர் மருந்து. பூச்சி சாகும். கூடவே இறா, நத்தை, பவளம், எல்லாம் சாகும். எலிய ஒழிக்க வீட்டக் கொளுத்துன கதைதான்.

இது எப்படி இங்க வந்துச்சுன்னு கேளுங்க. கேக்க முடியாது, சரி, நானே சொல்றேன்.

மாமாவுக்கு... மாமான்னா உள்ள இருக்காரே பல் டாக்டர், எங்க அக்கா வீட்டுக்காரர்... அவருக்குத் திடீர்னு ஒரு ஆசை. நீலக் கலர்ல சர்ஜன் மீன் வாங்கணும்னு. வாலுகிட்ட கத்தி மாதிரி ஒரு முள்ளு இருக்கும், அதனால அந்தப் பேரு. நாப்பது மீன் இருந்துச்சு கடையில. இவரு பேரக் கேட்டு வாங்குனாரு. ஆபரேஷன் டாக்டர் ஆக முடியலேங்கற கொறை மீன் வழியாவாவது தீரட்டும்னு நானும் வாய மூடிக்கிட்டேன். பூச்சி புடிக்கறதுல மொத ஆள் சார் அந்த சர்ஜன். மத்த மீனுக்கு வர்றதுக்கு முன்னாடி அதுக்கு வரும்.

அதனால நான் என்ன பண்ணுனேன்? முறைன்னா முறை. நேரா இந்தத் தொட்டியில விடல. பின்னாடி ஸ்டோர் ரூம்ல தனித்தொட்டி. மணல் கெடையாது, கல்லு கெடையாது, ஒளிஞ்சுக்க ரெண்டு பைப்புத் துண்டு. முப்பது நாள் தனியா இருக்கணும். அதுக்குத் தனி வாளி, தனி டம்ளர், தனி வலை. நீல வலை அங்க, பச்ச வலை இங்க. ஒண்ணு ஒண்ணோட எடத்துக்குப் போகவே கூடாது. ஒரு சொட்டு ஈரம் போதும் சார், ஒரே ஒரு சொட்டு! இத அட்டையில எழுதிக் கதவுல ஒட்டியிருந்தேன். நாலு நிபந்தனை, மூணு அடிக்குறிப்பு. ஒரு ஆள் படிக்கல.

ஆறாம் நாள் சர்ஜன் மேல புள்ளி. பாத்தீங்களா, தனியா வெச்சதுனால தப்பிச்சோம்னு மாமாகிட்ட நெஞ்ச நிமித்திச் சொன்னேன். மருந்து ஊத்துனேன். ஒரு நாளைக்கு ரெண்டு வேள தண்ணிய சோதிச்சேன். கொறஞ்சா பூச்சி பொழச்சுக்கும், கூடுனா மீன் போயிடும். எங்க அக்கா எங்கிட்ட சொல்லுவா, கல்யாணம் பண்ணி வெச்சிருந்தா இவ்வளவு கவனமா இருந்திருப்பியாடான்னு.

போன புதன்கிழம காலையில வந்து பாக்கறேன்... இந்தப் பெரிய தொட்டியில, பத்து மீன் மேலயும் உப்பத் தூவுன மாதிரி. மஞ்ச மீனு ஒண்ணு இருந்துச்சு, எட்டு வருஷமா இருக்கு. மாமா வாயத் தெறந்து ரெண்டு வார்த்த பேசறது அதுகிட்ட மட்டுந்தான். அது வெள்ளிக்கிழம போயிடுச்சு. மிச்சம் ஒம்பதையும் பின்னாடி மருந்துத் தொட்டிக்கு மாத்திட்டேன்.

மாமா என்னப் பாத்தாரு. யாரு பண்ணதுன்னு கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு. நான் வெசாரிச்சேன் சார். முறையா. இதோ, தொட்டிக்குப் பின்னாடி இந்தக் கொக்கி இருக்கே, இதுல தொங்குது நீல வலை! உப்புக் காஞ்சு கல்லு மாதிரி நிக்குது. அந்த உப்புக் கனத்த வெச்சே சொன்னேன், இது ரெண்டு வாரம் முந்தின ஈரம்னு. வலைக்குக் காலு இருக்கா? அந்த ரூமுக்குள்ள போகக்கூடியவங்க மூணு பேரு. மாமா போக மாட்டாரு, ஷூவுல உப்புத் தண்ணி பட்டுடும். நான் போவேன், ஆனா நான்தான் அட்டை எழுதுனவன். பாக்கி யாரு? நர்ஸம்மா. ஒம்பது வருஷமா இங்க வேல பாக்கறாங்க. கொழந்தைங்க யாராவது பேனா மூடியத் தொட்டியில போட்டிருக்கும், இவங்க கையில கெடச்ச வலைய எடுத்து அள்ளியிருப்பாங்க. சுத்தமான தர்க்கம் சார். மாமாகிட்ட சொன்னேன்.

அவங்க ஒத்துக்கல. 'நான் அந்த வலையத் தொடவே இல்ல டாக்டர்'னாங்க. மாமா, 'தொட்டேன்னு சொல்லிட்டா விட்டுடறேன், பொய் சொன்னா நாளைக்கு வர வேணாம்'னுட்டாரு. அந்தம்மா ஒரு பார்வ பாத்தாங்க, மாமாவ இல்ல, என்னய. 'ஒம்பது வருஷமா வாயத் தெறக்க மாட்டேங்கறவங்களத் தெறக்க வெச்சேன். இன்னைக்கு நான் வாயத் தெறந்தா நம்ப ஆள் இல்ல'ன்னாங்க. பையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. நேத்து சாயங்காலம். வீட்ல அவங்க ஒருத்தர் சம்பாத்தியம். அது வேற... சரி, அத விடுங்க.

என்ன சார் காலண்டரக் காட்டறீங்க? எந்த நாளா? அதான் சொன்னேனே, போன புதன்லேருந்து ரெண்டு வாரம் பின்னாடி. எண்ணுங்க. அதுவும் புதன். அன்னைக்கு நர்ஸம்மா... அன்னைக்கு நர்ஸம்மா லீவு. தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம். நான்தான் இந்த மேஜையில உக்காந்து போன் எடுத்தேன்.

இல்ல சார், அன்னைக்கு நான் அந்த ரூமுக்குப் போனது வேற விஷயம். அந்தச் சர்ஜன் வந்த மூணாம் நாளு அது. ஒரு வாய் சாப்பிடல. சாப்பிடுமா? அந்த ஸ்டோர் ரூம்லதான் மாமாவோட பழைய பல்லு அச்செல்லாம் அடுக்கியிருக்கு. நாலு தட்டு நெறைய வெள்ள வெள்ளயாப் பல்லு. எந்தப் பக்கம் திரும்புனாலும் யாரோ கடிக்க வர்ற மாதிரி. எனக்கே மனசு கேக்கல. பாவம், பேச்சுத் துணைக்காவது ஒண்ணு இருக்கட்டும்னு... இந்தத் தொட்டியில ஆரஞ்சுக் கோமாளி மீன் ஒண்ணு இருந்துச்சு, எதப் போட்டாலும் திங்கும், அதக் கொண்டு போய் விட்டேன். அது திங்கறதப் பாத்து இதுவும் திங்கும்ல? தின்னுச்சு சார்! மத்தியானத்துக்குள்ள தின்னுச்சு! அவ்வளவு சந்தோஷம் எனக்கு. சாயங்காலம் கோமாளியத் திருப்பிக் கொண்டாந்து இங்க விட்டுட்டேன்.

அரை நாள்தான் சார். விருந்தாளி மாதிரி. அப்ப ஒரு புள்ளிகூட இல்ல அது மேல. புள்ளி இல்லன்னா...

கொக்கியக் காட்டறீங்களே, எதுல கொண்டாந்தேனா? வலையிலதான். கையிலயா கொண்டு வருவாங்க?

...நீல வலை.

அப்பப் பாத்து போன் அடிச்சுது சார். கொக்கியில மாட்டிட்டு ஓடுனேன்.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? சொல்லத்தான் போறேன் மாமாகிட்ட. நேரம் பாத்துச் சொல்லணும். அவரு இன்னும் மஞ்ச மீன் துக்கத்துலேருந்தே... என்ன, உங்க போன நீட்டறீங்க? நர்ஸம்மாவுக்கா? இப்பவேவா? நம்பர் தெரியும், தெரியாம என்ன... சரி. சரி, குடுங்க. பல்லு வலியில இருக்கற மனுஷன் கண்ணுல இவ்வளவு கோவம் வரக் கூடாது சார்.

ஹலோ... நர்ஸம்மா, நான்தான்... இல்ல, வெச்சுடாதீங்க. அந்த வலை... நான்தான் மாட்டுனேன். ஆமா. நானே. கோமாளிய... ஆமா, கோமாளி மீன... இல்ல, என்னச் சொல்லல... சரி, என்னயும்தான். ஆமா. மன்னிச்சுக்கங்க. ம்... ம்... கண்டிப்பா. சரி... அது... தெரியலையே.

இந்தாங்க சார், போன். டாக்டர் வாயால கூப்பிட்டாதான் வருவாங்களாம். நியாயந்தான். உள்ள போய் மொதல்ல நான் எல்லாத்தையும் சொல்லணும்.

இன்னொண்ணு கேட்டாங்க. இன்னைக்கு பேஷண்டுங்கள யாரு உள்ள அனுப்பறாங்கன்னு கேட்டாங்க.

நீங்க எத்தன மணிக்கு சார் வந்தீங்க? ஒம்பதா? உங்களுக்கு முன்னாடி ஒரு அம்மா உக்காந்திருந்தாங்களே... எந்திரிச்சுப் போயிட்டாங்களா?

மாமா உள்ள காலையிலேருந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்காரு.