இருவர் படுக்கும் பை

மாலை ஆறேகால் மணி. ஏரிக்குப் போகிற மண் சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை... ஒரே ஒரு பழைய கார் மட்டும் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். இது என் சினேகிதியின் அண்ணனுக்கு நடந்தது. காரில் இருந்தது அவரும் அண்ணியும்தான். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவர். அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். கல்யாணமாகி ஒன்பது மாதம். வீட்டில் ஏழு பேர், இரண்டே அறை. புருஷனும் பெண்டாட்டியும் ஒன்பது மாதமும் கிசுகிசுத்தே குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். ஒரே ஒரு ராத்திரியாவது வாய்விட்டுப் பேசலாம், சிரிக்கலாம் என்றுதான் கூடாரம் போடக் கிளம்பினார்கள். இருவருக்கும் அதுதான் முதல் தடவை.

சாமான் வாங்கப் போன கடையில் ஒரு அம்மாள் இருந்தாள். பொறுமையாக எடுத்துக் காட்டினாள்.

"குளிரு தரையிலேர்ந்துதான் ஏறும். மொதல்ல கீழ விரிக்கிற பாயப் பாருங்க. சின்ன கேஸ் அடுப்பு ஒண்ணு, பாத்திரம் ஒண்ணு போதும். சமையல்கட்டையே தூக்கிட்டுப் போகாதீங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அடுப்பு மட்டும் டென்ட்டுக்குள்ள வேணவே வேணாம். மூடின எடத்துல எரிஞ்சா காத்து விஷமாயிரும். வாசனைகூட வராது. தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும்."

அண்ணிக்குக் குளிர் ஆகாது. இரண்டு பேர் சேர்ந்து படுக்கிற பெரிய ஸ்லீப்பிங் பேக் கேட்டாள். புதிதாக எதுவும் இல்லை. அந்த அம்மாள் உள்ளே போனாள்... ரொம்ப நேரம் கழித்து ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"வாடகைக்கு விடறது. போன வருஷம் ஒரு ஜோடி எடுத்துட்டுப் போனாங்க. திரும்பி வந்துருச்சு."

"வந்துட்டாங்களா, வந்துருச்சா?" என்று அண்ணன் சிரித்தார்.

"பைதான் சார்." அந்த அம்மாள் ரசீது எழுதக் குனிந்துகொண்டாள்.

ஏரிக்கரையில் வேறு யாரும் இல்லை. அண்ணன் கூடாரத்தைக் கட்டிய லட்சணம், ஒரு மூலை பல்லிளித்துக்கொண்டு நின்றது. அண்ணி வயிறு வலிக்கச் சிரித்தாள். வெளியே அடுப்பு மூட்டி சூப் வைத்துக் குடித்தார்கள். ஒன்பது மணிக்குத் தூறல் பிடித்தது. உள்ளே போய்ப் படுத்துவிட்டார்கள். பையில் நாள்பட்ட ஈரத்தின் வாடை. ஆனால் நல்ல கதகதப்பு. யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கை மாதிரி.

எவ்வளவு நேரம் தூங்கினார் என்று தெரியாது. காதோரம் அண்ணியின் குரல். அதே கிசுகிசுப்பு.

"என்னங்க... குளிருது. அடுப்ப உள்ள எடுத்து வைங்களேன்."

முழுத் தூக்கத்தில் இருக்கும் மனுஷன் என்ன யோசிப்பார்? கூடார வாசலின் ஜிப்பை இறக்கி, கையை நீட்டி அடுப்பை உள்ளே இழுத்தார். பற்ற வைத்தார். நீலச் சுடர்... ஸ்ஸ்ஸ் என்று சத்தம். திரும்பவும் படுத்துக்கொண்டார். ஜிப் ஏறுகிற சத்தம் அவருக்குக் கேட்டது. அண்ணிதான் மூடுகிறாள் என்று நினைத்தார். பிறகு இமை இரும்பாகிவிட்டது.

தப்பித்தது எதனால் தெரியுமா? அந்தக் கோணல் மூலையால். முளை பிடுங்கிக்கொண்டு ஈரத் துணி சளாரென்று அவர் முகத்தில் விழுந்தது. விழித்தார். தலை பிளக்கிற வலி. கையும் காலும் யாருடையதோ மாதிரி கிடந்தன. அண்ணியை உலுக்கினார். தலை துவண்டு விழுந்தது. ஜிப்பை எப்படித் திறந்தார், அவளை எப்படி இழுத்துப் போட்டார் என்று இன்றுவரை அவருக்கு நினைவில்லை. புல்லில் கிடந்து அவள் குடல் வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தாள். அவர் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

பேச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஏங்க... அடுப்ப ஏன் உள்ள எடுத்தீங்க?"

"நீதானே குளிருதுன்னு எடுக்கச் சொன்ன?"

"நானா?" அவள் அவரையே பார்த்தாள். "நீங்கதானே என் காதுல சொன்னீங்க... அடுப்பு கொண்டுவந்துட்டேன், நீ ஜிப்ப மூடிருன்னு."

தூறல் நின்றிருந்தது. தவளைகூடக் கத்தவில்லை. சரிந்த கூடாரத்துக்குள் அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. துணி முழுக்க நீல வெளிச்சம்.

அப்போது உள்ளேயிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல். அண்ணனின் குரல்.

"தூங்கிட்டாங்களா?"

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். உள்ளேயே இன்னொரு குரல் பதில் சொன்னது. அண்ணியின் குரல்.

"இல்ல... வெளிய போயிட்டாங்க."

ர்ர்ர்ர்... ஜிப் உள்ளேயிருந்து மெதுவாக ஏறியது. உச்சிவரை. வெளிச்சம் அணைந்தது.

செருப்புகூட இல்லாமல் காருக்கு ஓடினார்கள். பாத்திரம், பாய், பை எல்லாம் போட்டது போட்டபடி. யார் எடுத்தார்கள், எடுத்தார்களா என்றே தெரியாது. அந்தக் கடைப் பக்கமும் அவர்கள் அப்புறம் போகவில்லை.

நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. வெளியே நன்றாகத்தான் இருக்கிறார்கள். போன மாதம் அண்ணி என் சினேகிதியிடம் மட்டும் ஒன்று சொல்லியிருக்கிறாள். வியர்த்து ஊற்றுகிற கோடையிலும் சில ராத்திரிகளில் அண்ணன், "குளிருதும்மா... ஜன்னல மூடு" என்கிறாராம். அவள் மூடுவதில்லை. டார்ச்சை அடித்து அவர் முகத்தைப் பார்க்கிறாளாம்.

பேச்சு கேட்டுக்கொண்டேதான் இருக்குமாம்...

உதடு அசையாதாம்.