இடப்பக்கம் ஐம்பத்தைந்து கிலோ

அதிகாலை மூன்றே முக்கால். படகுத்துறைக்குப் போகிற சாலை. ஒரு பக்கம் பூட்டிய கிடங்குகள், மறுபக்கம் தண்ணீர். கடைசித் தெருவிளக்கைத் தாண்டினால் அரை கிலோமீட்டர் இருட்டு. அதில் ஒரே ஒரு கார்.

ஓட்டுகிறவர் என் நண்பனின் அண்ணன். மனைவி போய் ஒரு வருடம். ஆஸ்பத்திரியில்தான் போனாள், தண்ணீரில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கே இந்தக் கதையைச் சொன்னாலும் யாராவது நடுவில் அதைத்தான் கேட்கிறார்கள்.

“நான் கேக்கல,” என்றான் கதை கேட்க உட்கார்ந்திருந்த நண்பர்களில் ஒருவனான குண்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு.

“நீதான் கேப்ப. கொஞ்சம் நகந்து உக்காரு. மெழுகுவத்தி காலடியில இருக்கு.”

நகர்ந்தான்.

அவருக்கு எட்டு வயதில் ஒரு பெண். அம்மா போனதிலிருந்து சித்தி வீட்டில் இருக்கிறாள். அதாவது இவருடைய மைத்துனி வீட்டில். குழந்தையைத் திருப்பிக் கேட்கும்போதெல்லாம் மைத்துனி ஒன்றையேதான் சொல்வாள்.

“நீங்க சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. உங்கள நம்பிக் கொழந்தய எப்படி மாமா விட? மொதல்ல அந்தப் படக ஒழுங்கு பண்ணுங்க. ஞாயித்துக்கெழம நானும் வந்து ஏறிப் பாக்கறேன். அத ஒழுங்கா வெச்சிருந்தீங்கன்னா, கொழந்தயயும் ஒழுங்கா வெச்சுப்பீங்க.”

அன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்குப் போய் இருவரையும் அழைத்து வர வேண்டும்.

படகு சின்னது. இருபத்திரண்டு அடி. அடியில் ஈயம் வார்த்த கீல் என்கிற தகடு தொங்கும், அந்தக் கனம்தான் படகை நிமிர்த்திப் பிடிக்கும். ஒரு வருடம் கரையில் கிடந்தது. இவரே பாசியைச் சுரண்டி, வண்ணம் அடித்து, தண்ணீரில் இறக்கி, முந்தின மாலை பாய்மரத்தையும் நிறுத்திவிட்டார். மிச்சம் ஒரு வேலை. மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற எஃகுக் கம்பிகளை முறுக்கி மரத்தை நேராக்க வேண்டும். அதற்குக் காற்று சுத்தமாக நிற்க வேண்டும். அங்கே காற்று நிற்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

நின்றிருந்தது. தண்ணீர் எண்ணெய் மாதிரி இருந்தது. ஈரக் கயிறும் டீசலும் கலந்த வாடை. எங்கோ ஒரு சங்கிலி… டிக்… டிக்…

பாய் ஏற்றுகிற கயிற்றில் தூக்குக்குண்டைக் கட்டி உச்சியிலிருந்து தொங்கவிட்டார். தூக்குக்குண்டு ஆடி ஆடி நின்றது. மரத்தின் அடியிலிருந்து ஒரு சாண் இடப்பக்கம்.

மரம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நினைத்தார். வலக் கம்பியை முறுக்கினார். இடக் கம்பியைத் தளர்த்தினார். திருகு க்ரீச் க்ரீச் என்றது. கால் மணி நேரம். தூக்குக்குண்டு நடுவுக்கு வந்தது.

பிறகு அதே கயிற்றில் அளவுநாடாவை ஏற்றி, மர உச்சியிலிருந்து படகின் இடது விளிம்பு வரை ஒரு அளவு, வலது விளிம்பு வரை ஒரு அளவு எடுத்தார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று விரல் வித்தியாசம்.

அப்போதுதான் புரிந்தது. மரம் முதலிலேயே நேராகத்தான் இருந்திருக்கிறது. சாய்ந்திருந்தது படகு. படகு மட்டமாக நிற்கிறதா என்று பார்க்காமல் கம்பியைத் தொட்டிருக்கிறார். முதல் வாரம் கற்றுக்கொள்கிறவன் செய்கிற தப்பு. தன்னையே திட்டிக்கொண்டு எல்லாத் திருகையும் பழையபடி திருப்பினார். அளவுகள் ஒன்றாயின.

ரசமட்டத்தை எடுத்துத் தளத்தில் வைத்தார். குமிழி வலது பக்கம் ஓடி நின்றது. இடப்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இடப்பக்க இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தார். காலி. அடித்தளத்தில் கையை விட்டார். துளி ஈரமில்லை. மிதவை மேடையில் கட்டியிருந்த கயிறுகளைத் தளர்த்திவிட்டுப் பார்த்தார். குமிழி அசையவில்லை.

வாட்ச்மேன் டார்ச்சோடு வந்தார்.

“என்ன சார், படகு சாஞ்சு கெடக்கு? எல்லாரும் ஒரே பக்கம் உக்காந்தா எப்படி?”

“எல்லாரும் எங்கங்க? நான் ஒருத்தன். அதுவும் நடுவுல நிக்கறேன்.”

“அதான் சார் பாக்கறேன். நீங்க இருக்கற ஒல்லிக்கு ஒரு கொக்கு உக்காந்தாக்கூட இத விடச் சாயும்.” சிரித்துக்கொண்டே டார்ச்சை இருக்கைமேல் ஓட்டினார். சிரிப்பு பாதியில் நின்றது. “டீ போட்டுட்டு வரேன் சார்,” என்று போனவர் திரும்பி வரவேயில்லை.

இவர் தண்ணீர் கேன்களைத் தூக்கினார். பத்து லிட்டர் கேன்கள். வலப்பக்க இருக்கையில் ஒன்று வைத்தார். குமிழி லேசாக நகர்ந்தது. இரண்டு… மூன்று… நான்கு… ஐந்து. இன்னும் கொஞ்சம் வேண்டும். ஆறாவதைப் பாதி கொட்டிவிட்டு வைத்தார்.

குமிழி நடுவில் நின்றது.

ஐம்பத்தைந்து கிலோ.

மனைவியை ஆஸ்பத்திரியில் கடைசியாக எடை பார்த்தபோது நாற்பத்தொன்று. அதற்கு முன்னால், நன்றாக இருந்த நாட்களில்… ஐம்பத்தைந்து. உட்காருகிற இடம் இடப்பக்கம், சுக்கான் கோலுக்குப் பக்கத்தில்.

அப்போதுதான் வாசனை வந்தது. வெயிலுக்கு அவள் பூசுகிற கிரீம். மணி நாலே முக்கால். வெயில் எங்கே இருந்தது?

கேன்களை அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்ததாகச் சொன்னார். படகு மட்டமாக நிற்கும். மைத்துனிக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் குழந்தை படகில் ஏறியதும் ஓடிப்போய் உட்காருகிற இடம் அதுதான். அந்த மடி.

காலி இருக்கையைப் பார்த்துப் பேசினார். ஒரு வருடத்தில் அவர் அவ்வளவு சேர்த்துப் பேசியதில்லையாம்.

“நீதான்னு தெரியுது. கோவமெல்லாம் இல்ல. கொழந்த வரா. உன் தங்கச்சியும் வரா. படகு நேரா நிக்கலன்னா அவ கொழந்தயத் தரமாட்டா. உனக்குத் தெரியாதா அவளப் பத்தி? ஒரு பிடி பிடிச்சான்னா… எறங்கிடும்மா.”

ஒன்றும் நடக்கவில்லை. சங்கிலி… டிக்… டிக்…

பிறகு குமிழி நகர்ந்தது. இடது பக்கம். மெதுவாக. படகு வலது பக்கம் சாய்ந்தது, கேன்கள் இருந்த பக்கம். எதிர்ப்பக்கப் பாரம் எழுந்துவிட்டால் அப்படித்தான் சாயும். மிதவை மேடையின் பலகை ஒரு தடவை முனகியது.

கேன்களை ஒவ்வொன்றாக எடுத்தார். குமிழி நடுவுக்கு வந்தது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். மரத்தின் அடியில், மயிரிழை பிசகாமல் நின்றது.

“சரி, முடிஞ்சுது,” என்றான் குண்டு. “பேய் எறங்கிப் போயிடுச்சு. தூங்கலாம்.”

“எங்க போச்சு?” என்றேன்.



கருவிப்பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டுக் காரை எடுத்தார். ஐந்து இருபது. இருட்டு லேசாக வெளுத்திருந்தது. பத்து அடி போயிருக்கமாட்டார். டிங்… டிங்… டிங்… சீட் பெல்ட் போடாதவருக்காகக் கார் எழுப்புகிற சத்தம். குனிந்து பார்த்தார். அவருடைய பெல்ட் போட்டிருந்தது. மின்னியது பக்கத்துச் சீட்டின் விளக்கு.

சீட்டில் ஒன்றுமில்லை. ஒரு துணிகூட இல்லை.

காரை நிறுத்தினார். பிறகு கையை நீட்டி அந்தப் பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

மைத்துனி வீட்டு வாசலில் இருவரும் தயாராக நின்றார்கள். குழந்தை பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

“பரவால்லயே மாமா, நேரத்துக்கு வந்துட்டீங்க,” என்று சொல்லிக்கொண்டே மைத்துனி முன்கதவைத் திறந்தாள். “இதென்ன, ஆளில்லாத சீட்டுக்குப் பெல்ட்டு? மறதியப் பாரு உங்களுக்கு. இதுல கொழந்தய வேற…”

பெல்ட்டைக் கழற்றக் கையைக் கொண்டுபோனாள். கை பாதியில் நின்றது. அப்படியே குனிந்த வாக்கில் நின்றாள். எவ்வளவு நேரம் என்று இவருக்குத் தெரியவில்லை. பிறகு கையை எடுத்துக்கொண்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். வீட்டுக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது இரண்டு பைகள் கையில் இருந்தன. குழந்தையின் துணிப்பை. புத்தகப்பை. இரண்டையும் பின்சீட்டில் வைத்தாள். குழந்தையின் தலையைத் தடவினாள்.

“நீ வரல?” என்று இவர் கேட்டார்.

அவள் இவரைப் பார்க்கவில்லை. முன்கதவுப் பக்கம் வந்து, கண்ணாடியை இரண்டு விரலால் தட்டினாள்.

“பாத்துப் போக்கா,” என்றாள்.

என்ன பார்த்தாய் என்று இவர் பிறகு மைத்துனியிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார். அவள் சொன்னது இதுதான். ஆள் இல்லாவிட்டால் பெல்ட் சீட்டின் முதுகோடு ஒட்டிக் கிடக்கும் இல்லையா? அது ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு சாண் முன்னால் தள்ளி நின்றது. நின்று… மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறவர்கள் மூச்சு விடுவார்களே… அப்படி.