நெற்றிவரை வந்த படம்

— எங்கட சாமான்ல பிழையெண்டு மட்டும் சொல்லாதீங்க அக்கா. இதே போர்ட்டை, இதே ஃபேனைக் காத்தான்குடியில ஏழெட்டுப் பேருக்குக் குடுத்திருக்கன். ஒருத்தருக்கும் அணைஞ்சு போகல்ல.

— பிழையெண்டு நான் சொல்லல்ல பஹ்மித் தம்பி. உங்கட கடையில சாமான் வாங்கி நானே பூட்டின கம்ப்யூட்டர். கால் மணித்தியாலம் ஓடுது, பிறகு சொல்லாமக் கொள்ளாமச் செத்துப்போகுது. அதுக்குத்தான் வரச்சொன்ன.

— நீங்களே பூட்டினதா? மெய்யாவா? வதனி ரீச்சர், உங்கட மாப்பிள்ளை பூட்டுறாரெண்டெல்லோ கடையில நாங்க நினைச்ச.

— அவரைச் சுனாமியில கடல் கொண்டுபோய்ட்டு. நான்தான் பூட்டின.

— மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா. தெரியாமக் கேட்டுட்டன். என்னென்ன பாத்தீங்க, சொல்லுங்க.

— முதல்ல ஃபேன் சுத்துதா எண்டு பாத்தன். சுத்துது. பிறகு புரொசசருக்கு மேல பூசுற பேஸ்ட் சரியாப் பரவல்லயோ எண்டு கழட்டித் துடைச்சுப் புதுசாப் பூசினன். ஃபேன்ட நாலு காலும் இறுகிக் கிடக்கா எண்டு டோர்ச் அடிச்சுப் பாத்தன். பள்ளிக்கூடத்து மெசின்ட பவர் சப்ளையையும் கேட்டு வாங்கி மாத்திப் பாத்தன். ஒண்டுக்கும் சரிவரல்ல. சூடு தொண்ணூறு எண்டு காட்டும், உடனே இருட்டு.

— அல்லாஹ்வே. எங்கட கடைப் பொடியனுகள் இவ்வளவு பாக்க மாட்டானுகள். ஒரு கதிரை போட்டுத் தாறன், கடையில வந்து இருங்க.

— பகிடிய விட்டுட்டு மெசினைப் பாருங்க.

— எங்க அது? மேசையில மொனிட்டர் மட்டும் கிடக்கு. வயர் மேல போகுது. என்னகா இது, பரண்லயா வெச்சிருக்கீங்க?

— ஏணி அந்தப் பக்கம். பலகை அசையாது, முதிரைப் பலகை. ஏறுங்க.

— சண்டை நேரம் இந்தப் பக்கம் வரவே ஏலாமக் கிடந்த. இப்ப வந்து ஏணியிலயும் ஏறுறன். கம்ப்யூட்டர் திருத்த ஏணி ஏறின முதல் ஆள் நான்தான். அக்கா, இஞ்ச கையை வைக்க ஏலாது. தலைக்கு மேல ஒரு சாண் இல்ல, கூரைத் தகரம். சித்திரை வெயில் முழுக்க இதுக்குள்ளதான் நிக்குது. ஃபேன் பாவம், நெருப்பை இழுத்து நெருப்பையே ஊதுது. உங்கட பூட்டுல ஒரு குறையும் இல்ல. மெசினை இறக்கிக் கீழ வெச்சாச் சரி.

— இறக்க மாட்டன்.

— ஏன்?

— கடல் வந்தா?

— பழுகாமத்துக்கா? கடலுக்கும் உங்களுக்கும் நடுவுல எழுவான்கரை ஊரெல்லாம் கிடக்கு. அதுக்கு இங்கால வாவி கிடக்கு.

— நாவலடியில கடற்கரையில இருக்கக்குள்ளயும் வீட்டுக்குள்ள வராதெண்டுதான் இருந்தம். கடலுக்குப் பயந்துதான் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தன். இந்த வீட்டுல நல்ல சாமான் ஒண்டும் நிலத்துல இல்ல, பாருங்க. அரிசி, துணிமணி, சேர்டிபிக்கட், எல்லாம் மேலதான்.

— மெய்தான். கீழ பாயும் அடுப்பும்தான் கிடக்கு. சரி, இறக்க வேணாம். வெயில் தணிய விட்டுப் போடலாமே.

— பொழுதுபட எல்லா வீட்டுலயும் லைட் போடுவாங்க, கறண்ட் மங்கிரும், மெசின் எழும்பாது. விடிய வெட்டிருவாங்க. சண்டை முடிஞ்சாப் பிறகு வந்த கறண்ட்தானே, இன்னும் ஒழுங்குக்கு வரல்ல.

— அப்ப டவுனுக்குப் போய் நெட் கபேயில பாருங்க. அப்படி என்ன அவசரம்?

— ஒரு படம் வந்திருக்கு. சுவிஸில இருக்கிற மச்சாள் அனுப்பினவ. என்ட மகள் நிரோஜிட படம். ஆறு வயசுல எடுத்து நான்தான் அவக்குத் தபால்ல அனுப்பின. எங்கட வீட்டு அல்பமெல்லாம் அவரோடயும் அவளோடயும் போய்ட்டு. மிஞ்சினது இது ஒண்டுதான். இதை நாலு பேருக்கு நடுவுல வெச்சுப் பாக்க என்னால ஏலாது.

— இன்னும் பாக்கவே இல்லயா?

— கூரையில அன்டனா கட்டின ஃபோனால வாற இன்டர்நெட் தம்பி. மச்சாள் படத்தைப் பெரிசா அனுப்பிப்போட்டா. மேலயிருந்து கோடு கோடா இறங்குது. சிவப்பு ரிபன் வரும். பிறகு வகிடு. பிறகு நெற்றி. அதோட மெசின் அணைஞ்சிரும். திரும்பப் போட்டா, திரும்ப ரிபன்ல இருந்துதான். மூணு நாளா என்ட பிள்ளையை நெற்றிவரைக்கும்தான் பாத்திருக்கன்.

— அந்தக் கதிரையை இஞ்சால இழுங்க அக்கா.

— ஏன்?

— மெசினை நான் இறக்கப்போறன். நிலத்துல வைக்க மாட்டன். என்ட மடியில வெச்சிருக்கிறன். படம் முழுக்க வாற மட்டும் எழும்ப மாட்டன்.

— கடல்...

— வந்தாத் தூக்கிட்டு ஓடுறன். உங்களை விட்டுட்டு இதைத்தான் தூக்குவன், பிறகு கோவிக்கப்படாது.

— ஓம். இதைத்தான் தூக்கவேணும். மெல்ல இறக்குங்க. மெல்ல.

— பக்க மூடியும் கழட்டிட்டன், காத்துப் படட்டும். வயர் எல்லாம் குத்தியாச்சு. போடுங்க.

— எழும்பிட்டு. லைன் எடுக்குது. ரிபன் வந்திட்டு.

— நான் அங்கால திரும்பி வாவியைப் பாத்துக்கொண்டிருக்கன். நீங்க ஆறுதலாப் பாருங்க. மடியில பெரிசாச் சூடு தெரியல்ல.

— நெற்றி வந்திட்டு. இந்த இடத்துலதான் தம்பி, இந்த இடத்துலதான் அணையிற.

— இந்த முறை அணையாது.

— புருவம். நெற்றியைத் தாண்டிட்டு. இந்தா, கண் இறங்குது. பிள்ளையாரே, என்னைப் பாக்கிறாள்.

— சுப்ஹானல்லாஹ்.

— தண்ணி வடியிற மாதிரிக் கிடக்கு தம்பி. மேலயிருந்து வடிய வடிய அவள் வெளிய வாறாள். மூக்கு. கன்னம்.

— அக்கா? அணைஞ்சிட்டா?

— இல்ல. முழுக்க வந்திட்டு. சிரிக்கிறாள்.

— அல்ஹம்துலில்லாஹ். நான் திரும்பலாமா?

— திரும்புங்க. நீங்களும் பாருங்க. அவள் என்னை உரிச்சு வெச்ச மாதிரியெண்டு ஊரெல்லாம் சொல்லும். அஞ்சு வருஷமா, கண்ணாடியில என்ட முகத்தைப் பாத்துப் பாத்துத்தான் அவளை மறக்காம வெச்சிருந்தன். தம்பி, இவள் என்னை மாதிரியே இல்ல.