முதல் ஐவரும் மூன்றாம் படியும்

அந்த ஞாயிறு மதியம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நால்வர் இருந்தோம். விர்ஜில் ஹேவர்காம்ப் ஆகிய நான். என் மகன் டேலின் மனைவி ரோண்டா. அவர்கள் மகன் நோலன். நோலனின் நண்பன் ட்ரெவர் ரென்னர். டேல் லாரி ஓட்டுகிறான். அன்று ஒஹையோவில் இருந்தான். கோழி வறுவல் நன்றாக அமைந்திருந்தது. உருளைக்கிழங்கு மசியலின் மேல் நூடுல்ஸைக் கொட்டிப் பரிமாறுவதில் ரோண்டாவை மிஞ்ச இந்தக் கவுண்டியில் ஆள் இல்லை. காபி எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து வந்திருந்தாலும் என் வீட்டில் விருந்தாளிதான்.

உங்களுக்குக் கூடைப்பந்து தெரியும். உங்கள் மாமா கூட எங்கள் கல்லூரிக்கு ஆடினார். மண்டலத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் மூன்றாம் ஐவர் வரைதான் வந்தார் என்று நினைவு. அது உங்கள் தவறு அல்ல.

கல்லூரி அரங்கில் நுழைந்ததும் வலப்பக்கச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். மண்டலத்தின் முதல் ஐவரில் இடம்பெற்ற எங்கள் ஆட்டக்காரர்களின் படங்கள். என் தந்தை, நான், என் தம்பி லியோ, டேல். எங்கள் குடும்பத்தில் ஆடியவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். இரண்டாம் ஐவருக்கு எதிர்ச்சுவர். கழிப்பறைக்குப் போகும் வழியில்.

ஐவரைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் டார்லீன் உணவகத்தின் பின்மேசையில்தான். நாங்கள் நாலு பேர்: வானொலியில் ஆட்டங்களை வர்ணிக்கும் லொரீன் பெட்ஸ், ஓய்வுபெற்ற நடுவர் டச் வையர், மரச்சாமான் கடை ஹோமர் க்ரீஸ், நான். கடைசி ஆட்டத்துக்கு முன்பு ஒருமுறை கூடிப் பேசுவோம். ஆட்டம் முடிந்த பின் மறுமுறை கூடி முடிவு செய்வோம். எங்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒருவரின் சொந்த வீட்டுப் பையன் பெயர் வந்தால் அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட வேண்டும். அடுத்தது, கடைசி ஆட்டத்தில் காலூன்றி நிற்க முடியாதவனின் பெயரை எடுப்பதில்லை. முதல் ஐவரிலும் இல்லை, இரண்டாம், மூன்றாம் ஐவரிலும் இல்லை. அரைப் பருவ ஆட்டத்தை வைத்து ஒருவனைத் தரம் பிரிப்பது அவனை அவமதிப்பது என்று என் தந்தை காலத்தில் முடிவானது. விருந்தில் அவனுக்காக ஒரு நாற்காலியைக் காலியாக விடுவார்கள். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. இந்தக் கட்டுப்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டம் மிகவும் கலகலப்பாக இருந்தது. நான்கு பெயர்கள் காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டன. ஐந்தாவது இடத்துக்கு ட்ரெவரையும் நோலனையும் வைத்துப் பேச வேண்டியிருந்தது. நான் எழுந்தேன்.

"போய்யா, போய் புட்டிங் சாப்பிடு," என்றாள் லொரீன். "உன் காது மட்டும் இங்கயே இருக்கும்னு தெரியும்."

சமையலறைக்கும் பின்மேசைக்கும் நடுவே தட்டு நீட்டுவதற்கு ஒரு திறப்பு இருக்கிறது. அதை மூட வேண்டும் என்று கட்டுப்பாடு எதுவும் இல்லை. டார்லீன் எனக்குச் சீமைப் பனிச்சைப்பழப் புட்டிங் ஒரு துண்டு வைத்தாள்.

"ட்ரெவர் போடுற புள்ளியெல்லாம் சோப்ளாங்கி டீமுங்க மேலதான்," என்றார் டச். "நோலன் தடுக்க நின்னா எவனும் கிட்ட வர்றதில்ல."

"தடுக்கறான், சரி," என்றாள் லொரீன். "பந்தைப் போடணும்ல? நல்ல பையன்னு சேர்க்கணும்னா எங்க சர்ச் பாட்டுக்குழு மொத்தத்தையும் சேர்த்துடலாம். ட்ரெவர் தோத்துக்கிட்டிருந்த ஆட்டத்தையே திருப்பியிருக்கான். அவங்க அம்மா கூட அவன் மேல என்ன புகார் சொல்றாங்கன்னா..."

டச் மேசையைத் தட்டினார். "நில்லு லொரீன். பந்தைத் தட்டாமலே மூணு அடி நடந்துட்ட. பந்து எனக்கு."

"உன் விசிலை வாங்கி வெச்சு எத்தன வருஷமாச்சு, இன்னும் ஊதற."

"விர்ஜில் என்ன நினைப்பான்?" என்றார் ஹோமர்.

"அவனை நினைச்சா நாம பேர் போடறோம்?" என்றாள் லொரீன். " நோலன் ரெண்டாம் ஐவர்ல முதல் பேரு. அதுவே பெருமைதான்."

டச் தன் காபியைக் குடித்து முடித்தார். பிறகு, "அது நியாயந்தான்," என்றார். புட்டிங்கை முடித்துவிட்டு நான் மேசைக்குத் திரும்பினேன். அவர்கள் சொன்னது சரி. நான் அந்த மேசையில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ட்ரெவர் எங்கள் பையனைவிட நன்றாக ஆடுகிறான். என் குடும்பத்துக்காக இன்னொருவன் உழைப்பைத் திருடுகிறவன் அல்ல நான். லொரீனின் காபிக்கும் நானே பணம் கொடுத்தேன்.

இப்படிப்பட்ட பேச்சு வெளியே போகக் கூடாது. ஆனால் லொரீன் தொழிலே பேசுவது. மறுநாள் பயிற்சி முடிந்து நோலன் என் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"தாத்தா, கேட்டீங்களா? ரெண்டாம் ஐவர்ல என் பேரு இருக்காம். அதுவும் முதல் பேரு. அம்மா அழுதுட்டாங்க."

"ரெண்டாம் ஐவர்," என்றேன்.

"நான் மூணாவதுலகூட வர மாட்டேன்னு நினைச்சேன். ட்ரெவர்கிட்ட சொன்னேன், அவனுக்கு என்னைவிட சந்தோஷம். ஞாயிறு சாப்பாட்டுக்கு அவனையும் கூட்டிட்டு வரட்டுமா?"

அவன் உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தான். அதுவரை நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. அந்த மகிழ்ச்சியைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தேன். அந்த எதிர்ச்சுவரில் ஒரு ஹேவர்காம்ப் சிரித்துக்கொண்டு நிற்பதை என் தந்தையின் படம் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். பையனுக்கு வயது போதாது, அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தவன்தான் அவனுக்காகப் பார்க்க வேண்டும். ட்ரெவரைத் தாராளமாகக் கூட்டிவா என்றேன்.

நான் நாற்காலித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக இருந்தவன். ஒரு பலகை எவ்வளவு எடையைத் தாங்கும், எந்த இடத்தில் தாங்காது என்பது எனக்குத் தெரியும். நிலவறைக்கு இறங்கும் மூன்றாம் படியின் இடப்பக்கத் திருகாணிகளைக் கழற்றிவிட்டுப் பலகையை இருந்தபடியே வைத்தேன். நோலன் எப்போதும் இடக்காலை அழுத்தி இறங்குகிறவன். கீழே இருந்த இரும்பு அலமாரியைத் தள்ளிப் போட்டேன். பழைய கம்பளத்தை இரண்டாக மடித்து விரித்தேன். தலையில் அடிபடக் கூடாது. எனக்கு ஒரு கணுக்கால் போதும். மற்றதற்கு நான் ஆசைப்படவில்லை.

ஞாயிறு மேசையில் சிரிப்புக்குக் குறைவில்லை. ட்ரெவர் நல்ல பண்புள்ள பையன். தட்டை இரண்டு முறை நிரப்பிக்கொண்டான், ரோண்டாவின் கைமணத்தைப் புகழ்ந்தான். ஊறுகாய் போட்ட பீட்ரூட் மேசையில் இல்லை. அது நிலவறையில் இருக்கும். ஞாயிறுதோறும் குடும்பத்தில் இளையவன் போய் எடுத்துவருவது எங்கள் வழக்கம்.

"நான் எடுத்துட்டு வரேன் சார்," என்று ட்ரெவர் எழுந்துவிட்டான். நான் வாயைத் துடைப்பதற்குள் நிலவறைக் கதவின் பிடியில் கை வைத்துவிட்டான். நான் பயந்துவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன்.

"உக்காருப்பா," என்றேன். "இந்த வீட்டுல விருந்தாளி வேலை செய்யறதில்ல."

நோலன் சிரித்தான். "விடுங்க தாத்தா. இவன் ஒரு ஆட்டத்துலயாவது பந்தைத் தேடி ஓடியிருக்கானா? ஜாடியத் தேடியாவது ஓடட்டும்."

"உனக்கு ஓடறது ஒண்ணுதானேடா தெரியும்," என்றான் ட்ரெவர். "போடா, போய் எடுத்துட்டு வா."

"நோலன், நீ போ," என்றேன். ட்ரெவர் திரும்பி வந்து உட்கார்ந்தான். நான் அவனுக்கு இன்னொரு துண்டு கோழி வைத்தேன்.

சத்தம் கேட்டதும் முதலில் இறங்கியவன் ட்ரெவர்தான். உடைந்த படியைத் தாண்டிக் குதித்து, நோலனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். மருத்துவமனை வழிநடையில் அவன்தான் அழுதான். நோலன் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "பீட்ரூட் ஜாடி உடையல, பாத்தீங்களா? கடைசி வரைக்கும் பந்தை விடல," என்று எல்லோரையும் சிரிக்க வைத்தான். ஹேவர்காம்ப் பையன். எனக்குப் பெருமையாக இருந்தது.

கணுக்கால் அல்ல, முழங்கால். நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். இனி எம்பிக் குதிப்பது நடக்காது என்று மருத்துவர் சொல்கிறார். மருத்துவர்கள் எப்போதும் பயந்துதான் பேசுவார்கள்.

இரண்டாம் கூட்டத்தில் நான் சமையலறைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. நோலனின் பெயரை யாரும் எடுக்கவில்லை. ட்ரெவருக்காக அன்று அதிகம் பேசியது நான்தான். டச் கூட, "என்னய்யா, அவனைத் தத்து எடுத்துட்டியா?" என்றார். எல்லாம் முடிந்ததும் லொரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் விர்ஜில். கடைசிக்கு முந்தின ஆட்டத்தைத் திரும்ப ஒருதடவ கேட்டேன், நானே வர்ணிச்சது. எல்லா இடத்துலயும் நோலன் பேருதான் வருது. அவனை முதல் ஐவருக்கே ஏத்தணும்னுதான் இருந்தேன்."

அவளுக்குக் கைத்துடைப்பான் கொடுத்தேன். ஊன்றுகோல் பிடித்த யாரைப் பற்றியும் லொரீன் இப்படித்தான் பேசுவாள்.

விருந்தில் நாற்காலி காலியாக இருந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். ட்ரெவர் தன் கேடயத்தை அந்த நாற்காலியில் கொண்டுபோய் வைத்தான். வலப்பக்கச் சுவரில் எங்கள் வரிசை அப்படியே இருக்கிறது. எதிர்ச்சுவரில் எங்கள் பெயர் இல்லை. நோலன் இப்போதும் ஞாயிறன்று வருகிறான். பீட்ரூட்டை நானே போய் எடுத்துவருகிறேன். படியைச் சரிசெய்துவிட்டேன், இனி நூறு வருடம் தாங்கும்.

கழற்றிய திருகாணிகளை என் வேலை மேசையில் ரோண்டா பார்த்துவிட்டாள். யாரிடமோ சொல்லியிருக்கிறாள். அதில் எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. ஆனால் ஊரில் அதை வைத்துப் பின்னியிருக்கும் கதையை என்னால் ஏற்க முடியாது. பேரனுக்கு இடம் வேண்டும் என்று ட்ரெவரை விருந்துக்கு அழைத்துப் பொறி வைத்தேனாம். கடைசி நேரத்தில் மனம் இளகி அவனைத் தடுத்துவிட்டேனாம். அந்தத் தடுமாற்றத்தில் என் பேரன் மாட்டிக்கொண்டானாம். இதை நம்பித்தான் ட்ரெவரின் அப்பா உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார். எங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட எவருக்கும் ஹேவர்காம்ப் குடும்பத்தில் எவரும் கெடுதல் நினைத்ததில்லை. உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பதே இதைச் சொல்லத்தான்.

மனம் இளகவில்லை. தடுமாறவும் இல்லை. அந்தப் படி நோலனுக்காகத்தான் கழற்றப்பட்டது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.