முப்பத்துமூன்று சுற்று

எங்கள் கல்லூரி வானொலி நிலையத்தில் காபி மட்டமாக இருக்கும். நீங்கள் கொடுத்தது தேவலை, நன்றி ஐயா.

படித்து முடித்துப் பத்து வருடமாகியும் ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சியை நான்தான் நடத்திவந்தேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. மாணவர்கள் 'தாத்தா' என்பார்கள். மற்ற நாட்களில் நூலகத்தில் புத்தகம் அடுக்குவேன். ஏரிக்கரை வீட்டில் பேச ஆளில்லை.

எண்பத்தைந்து அக்டோபரில் ஒஹாயோவிலிருந்து அந்த இசைத்தட்டு வந்தது. நான்கே பாட்டு. அட்டையில் படம் இல்லை, பாடியவர் ஜி. கோவாச் என்று மட்டும் இருந்தது. சுழலும் வேகத்தையும் அச்சிடவில்லை. பெரிய தட்டென்றால் நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று என்பது எங்கள் கைப்பழக்கம், அப்படியே போட்டேன். கனத்த குரலில் ஒருவன் மெல்லப் பாடினான். என்னிடம் மட்டும் பேசினான். அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

புதுத் தட்டின் அட்டையில் வெள்ளைத்தாள் ஒட்டிக் குறிப்பெழுதுவது எங்கள் வழக்கம். 'முப்பத்துமூன்று சுற்று. தனியாக இருப்பவர்களுக்கு' என்று எழுதினேன். மாணவர்களும் அதே வேகத்தில்தான் ஒலிபரப்பினார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு ஒரு துணை இருந்தது.

மார்ச்சில் அவனையும் அவன் குழுவையும் கல்லூரிக்கு வரவழைத்தேன். வாசிக்க வருபவர்கள் வானொலிக்காரர் வீட்டுத் தரையில் படுத்துக்கொள்வார்கள். அவனுக்கென்று புதுப் போர்வை வாங்கிவைத்தேன். வேனிலிருந்து வாத்தியக்காரர் இருவரோடு ஒரு பெண் இறங்கினாள். ஜினி கோவாச், இருபத்திரண்டு வயது. மேடையில் அதே பாட்டுகளைக் கீச்சுக்குரலில், துள்ளித் துள்ளிப் பாடினாள். மாணவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை, மற்ற இருவரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, நிலையத்திலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த தட்டை அவளே போட்டுக் கேட்டாள்.

"ரசல், இது நாப்பத்தஞ்சுல ஓடணும். அஞ்சு மாசமா என்னைய ஆம்பளையாக்கி வச்சிருந்தீங்களா?"

கேலிதான், கெட்ட எண்ணமில்லை. வேக விசையை நாற்பத்தைந்துக்குத் தள்ளினாள், தட்டிலிருந்து அவள் கீச்சுக்குரல் வந்தது. அவன் போய்விட்டான்.

"நீங்க தேடுற ஆளு யாருமே இல்லீங்க, பாவம்" என்றாள். அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம்.

பிறகு சிகரெட் வாங்கவேண்டும் என்றாள். கடை ஏரிக்கு அக்கரையில். உறைந்த ஏரியைக் காட்டினேன்.

"தாங்குமா?"

தாங்கும் என்றேன். ஓடை வந்து சேருமிடத்தில் மார்ச்சில் பனிக்கட்டி மெலிந்துவிடும். இந்த ஊரில் அது தெரியாதவர் இல்லை. அவள் வெளியூர்க்காரி, நான் கைகாட்டிய வழியிலேயே நடந்தாள்.

பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அதே கீச்சுக்குரலில். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் குளிர் ஏற ஏறக் குரல் தளர்ந்தது. கனத்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விழுந்தது. யாருமே இல்லை என்றாளே, இதோ வந்துவிட்டான்.

படகுக் கொட்டகையில் கயிறு இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது, பத்தடி தூரத்தில். ஆனால் அவன் என் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தான், ஐயா. பாதியில் எழுந்து போவது மரியாதையாக இருக்காது.